பூனைக்குட்டிகளின் உடலில் தெள்ளு: நான்கு வாரக் குட்டிக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

வைகைக்கரை (மதுரை), அக்டோபர் 14, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் விறகு அடுக்கியிருக்கும் தகரக் கொட்டகையில் ஒரு தெருப்பூனை மூன்று குட்டிகளை ஈன்றிருக்கிறது. காதுகள் நிமிர்ந்துவிட்டன, முன்பற்கள் முளைத்திருக்கின்றன, தள்ளாடியபடி நடக்கின்றன. ஆகவே நான்கு வாரம் இருக்கும் என்று கணிக்கிறேன். மழையில் கொட்டகை ஒழுகியதால் தாயையும் குட்டிகளையும் நேற்று வீட்டுத் திண்ணைக்கு மாற்றினேன். அப்போதுதான் குட்டிகளின் வயிற்றிலும் கழுத்திலும் பழுப்பு நிறப் பூச்சிகள் மயிருக்குள் ஓடுவதைப் பார்த்தேன். விரலால் மயிரை விலக்கினால் தோலில் மிளகுத் தூளைத் தூவியது போலக் கருந்துகள்கள் கிடக்கின்றன.

சமையலறைத் தராசில் நிறுத்தேன். ஒன்று 410 கிராம், ஒன்று 385 கிராம், கடைக்குட்டி 340 கிராம். கடைக்குட்டி மற்ற இரண்டையும் போல விளையாடாமல் ஓரமாகவே படுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தம் நாய்க்குப் பயன்படுத்தும் உண்ணிப் பொடி டப்பாவைக் கொடுத்து, ஒரு சிட்டிகை தூவினால் போதும் என்கிறார். தூவலாமா? குட்டிகள் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கின்றன.

தாழ்வாரம் (சென்னை), அக்டோபர் 14, இரவு 9.22

தூவ வேண்டாம். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். இப்போது கடைக்குட்டியின் உதட்டை மெல்ல விலக்கி ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை, அக்டோபர் 14, இரவு 9.31

மற்ற இரண்டுக்கும் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. கடைக்குட்டிக்கு அரிசி கழுவிய நீரைப் போல வெளுத்திருக்கிறது. பாதங்கள் சில்லென்று இருக்கின்றன.

காவிரி மருத்துவர் (திருச்சி), அக்டோபர் 14, இரவு 9.50

நான் கால்நடை மருத்துவர். ஈறு வெளுத்து, உடல் குளிர்ந்து, குட்டி சோர்ந்திருந்தால் அது இரத்தச்சோகை. அதைத் தெள்ளுத் தொல்லை என்று மட்டும் எண்ணி வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியாது. இன்றிரவு அக்குட்டியைச் சூடாக வைத்திருங்கள். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள்; சூடு மிகுந்தால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். உடல் சூடான பிறகு தாயிடம் விட்டுப் பால் குடிக்கிறதா என்று பாருங்கள். காலையில் முதல் வேலையாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பூனையின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 60 மி.லி. இரத்தம் உண்டு. 340 கிராம் குட்டிக்கு அது 20 மி.லி., அதாவது நான்கு தேக்கரண்டி. பெண் தெள்ளு ஒன்று நாள்தோறும் தன் எடையைப் போலப் பதினைந்து மடங்கு இரத்தத்தை உறிஞ்சும். எழுபத்திரண்டு பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் 1 மி.லி. போய்விடும். வளர்ந்த பூனை அதை ஈடுகட்டிக்கொள்ளும். இக்குட்டிக்கோ நாளொன்றுக்கு இருபதில் ஒரு பங்கு இரத்தம் குறைகிறது. பார்வைக்கு வெறும் அரிப்பாகத் தெரிவது குட்டியின் உயிரைக் குடிப்பது இப்படித்தான்.

பொடியைப் பற்றி: அந்த டப்பாவில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், புரோபாக்சர், அமிட்ராஸ் இவற்றுள் எந்தப் பெயர் இருந்தாலும் பூனைக்குட்டியின் அருகில் கொண்டுவராதீர்கள். நஞ்சை உடைத்து வெளியேற்ற, கல்லீரலில் குளுக்குரோனைடேஷன் என்னும் வேதிவினை நடக்க வேண்டும். அதற்குரிய நொதி பூனைக்கு மிகக் குறைவு. மனிதருக்குச் சாதாரண மாத்திரையான பாராசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் அக்குறையே ஒரு பெரிய காரணம். நாய் எளிதில் கழித்துவிடும் பெர்மெத்ரின் பூனையின் உடலில் தங்கி நரம்புகளைத் தாக்குகிறது. ஒரு சிட்டிகை என்பது குட்டியின் எடைக்குச் சிட்டிகை அல்ல. மேலும் அது தன்னைத் தானே நக்கும், தாயும் அதை நக்கும்.

செம்பருத்தி (கோவை), அக்டோபர் 14, இரவு 10.25

மருத்துவர் சொன்னதற்குச் சாட்சியாக எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் எங்களிடம் பதினோரு வாரப் பெண்குட்டி ஒன்று இருந்தது. நாய்க்கென்று வாங்கிய சொட்டு மருந்தில் மிச்சமிருந்ததை, நாய் பெரியது, குட்டி சிறியது, ஆகவே இரண்டு சொட்டு போதும் என்று நானே கணக்குப் போட்டுப் பிடரியில் இட்டேன். அட்டையில் பூனை உருவத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மாலையில் குட்டியின் காதுகள் துடித்தன. ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்க்குமே, அப்படி முதலில் காது, பிறகு முகம், பிறகு முதுகு முழுவதும் விட்டுவிட்டுச் சிலிர்த்தது. எச்சில் ஒழுகியது. குளிர் என்று நினைத்துப் போர்த்தினேன். நள்ளிரவில் வலிப்பு வந்தது. மறுநாள் காலையில் மருத்துவமனை வாசலை அடைந்தபோது உடல் கொதித்துக்கொண்டிருந்தது, காப்பாற்ற முடியவில்லை. காது துடித்த அந்த முதல் மணி நேரத்தில் கழுவிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருக்கக் கூடும் என்று அந்த மருத்துவர் சொன்னார். இதைப் படிப்பவர்களில் ஒருவராவது அந்த அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.

காவிரி மருத்துவர், அக்டோபர் 14, இரவு 10.48

சகோதரி, எழுதியதற்கு நன்றி. நீங்கள் போட்ட அதே கணக்கைப் படித்தவர்களும் போடுகிறார்கள். நாய்ச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் பாதிக்குப் பாதி அளவுக்குச் செறிந்திருப்பதால் இரண்டு சொட்டுகூட ஒரு குட்டிக்கு மிகுதி. வேறு யார் வீட்டிலாவது இது நேர்ந்தால், பாத்திரம் துலக்கும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து மருந்து பட்ட இடத்தை உடனே கழுவுங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம். தோலின் இரத்த நாளங்கள் விரிந்து நஞ்சு இன்னும் வேகமாக உள்ளே போகும். கழுவியதும் துவட்டி, போர்த்தி, மருந்தின் அட்டையோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்துகள் அங்கே உண்டு. உரிய நேரத்தில் வந்த பூனைகள் பல இரண்டு மூன்று நாளில் தேறியிருக்கின்றன.

வைகைக்கரை, அக்டோபர் 15, பிற்பகல் 1.15

காலையில் மூவரையும் கொண்டு சென்றேன். கடைக்குட்டிக்கு இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 18 விழுக்காடுதான் இருந்தது. இன்னும் சற்றுக் குறைந்தால் மாற்று இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், பூனைகளிலும் இரத்தப் பிரிவு உண்டு, பொருத்தம் பார்க்காமல் ஏற்ற முடியாது என்று மருத்துவர் விளக்கினார். இரும்புச்சத்துச் சொட்டு கொடுத்திருக்கிறார். இன்று குளிப்பாட்ட வேண்டாம், சீப்பால் மட்டும் எடுங்கள் என்றார். தாய்க்குச் செலாமெக்டின் என்னும் சொட்டு மருந்து இட்டார். அது பாலூட்டும் பூனைக்கும் ஏற்றதாம், மருந்து உலரும் வரை குட்டிகளைத் தனியே வைக்கச் சொன்னார். சீப்பு எப்படிப்பட்டது, எப்படிப் பிடிப்பது என்று கேட்க மறந்துவிட்டேன்.

தாழ்வாரம், அக்டோபர் 15, மாலை 4.40

இதற்காகத்தான் காத்திருந்தேன். பதினைந்து ஆண்டுகளாக அநாதைக் குட்டிகளை வளர்த்து வருகிறேன். என் கையில் இருக்கும் முதல் மருந்து பேன் சீப்புதான். பற்கள் நெருக்கமான உலோகச் சீப்பாக இருந்தால் நல்லது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, குழந்தைகளுக்கான மணமில்லாத ஷாம்புவில் ஒரு சொட்டுக் கலந்து வையுங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மூழ்காது, மேலேயே மிதந்து குதித்துவிடும். சோப்பு கலந்தால் நீர்ப்பரப்பின் இழுவிசை உடைந்து அடியில் போய்விடும்.

வெள்ளைத் துணியை மடியில் விரித்துக் குட்டியைக் கிடத்துங்கள். தாடைக்குக் கீழிருந்து தொடங்குங்கள். பிறகு காதின் பின்புறம், கழுத்து, முதுகின் வால் பக்கம், அக்குள், கடைசியாக அடிவயிறு. சீப்பைத் தோலுக்குச் சாய்வாக வைத்து, மயிர் வளர்ந்த திசையிலேயே, ஒரு விரற்கடை நீளத்துக்கு மெதுவாக இழுங்கள். சீப்பில் பழுப்பாக ஒன்று தெரிந்தவுடன் கிண்ணத்தில் முக்குங்கள், யோசிக்க நேரம் கிடையாது. நகத்தால் நசுக்காதீர்கள். கருந்துகள் வந்தால் ஈரப் பஞ்சில் தட்டிப் பாருங்கள். துரு நிறத்தில் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் குட்டியின் இரத்தமேதான். ஒரு குட்டிக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. கடைக்குட்டிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உடனே சூட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

மற்ற இரண்டும் துடியாக இருப்பதால், மருத்துவர் சம்மதித்தால் ஒருமுறை குளிப்பாட்டலாம். நண்பகலில், மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போட வேண்டும். உடலில் தண்ணீர் பட்டவுடன் தெள்ளுகள் எல்லாம் முகத்தை நோக்கித்தான் ஓடும். அந்த நுரை அவற்றுக்கு வேலி. தலையைத் தண்ணீருக்குள் கொண்டு போகக் கூடாது. முகத்தை ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். ஒரு நிமிடம் நுரையோடு வைத்திருந்து, அலசி, இரண்டு துவாலையில் மாற்றி மாற்றித் துவட்டி, மயிரின் வேர் வரை உலர்ந்த பிறகே தாயிடம் விடுங்கள். நான்கு வாரக் குட்டிக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் இன்னும் முழுதாக வரவில்லை. தெள்ளிலிருந்து தப்பிய குட்டியை ஈரத்துக்குப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சை மணம் கொண்ட சோப்பு வேண்டாம். அந்த மணத்தைத் தரும் லிமோனீன் என்னும் பொருளும் பூனைக்கு ஆகாது.

பனங்காடு (தூத்துக்குடி), அக்டோபர் 15, இரவு 8.05

எங்கள் பாட்டி கன்றுக்குட்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் வேப்பெண்ணெயைத் தடவி உண்ணியை விரட்டியதைக் கண்டு வளர்ந்தவன் நான். வேப்பெண்ணெயோடு மஞ்சளும் பூண்டுச் சாறும் கலந்து தடவினால் இரசாயனம் எதுவும் இல்லாமல் முடியுமே? நம் நாட்டு முறையை ஏன் யாரும் சொல்லவில்லை என்று புரியவில்லை.

காவிரி மருத்துவர், அக்டோபர் 15, இரவு 8.50

ஐயா, உங்கள் பாட்டியின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. மாட்டுக்குச் சரியானது பூனைக்குச் சரியாவதில்லை என்பதுதான் இங்கே வினா. பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த குட்டியின் மேல் அதைத் தடவினால், தெள்ளு குடித்தது போக மிச்சமிருப்பதையும் அழித்தவர்கள் ஆவோம். வேப்பெண்ணெய் பட்ட பூனைகளுக்கு எச்சில் ஒழுகலும் நடுக்கமும் வந்ததாகப் பதிவுகள் உண்டு. கற்பூரம், தேயிலை மர எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், அந்துருண்டை, மண்ணெண்ணெய் ஆகியவையும் இவ்வரிசையில்தான் வரும். பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் உயிர். தோலில் பூசிய எதுவும் வயிற்றுக்குப் போகும் என்று கொண்டே முடிவெடுக்க வேண்டும். செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பது இதில் பொருட்டே அல்ல. பெர்மெத்ரினின் மூல வடிவமே சாமந்தி இனத்துப் பூவிலிருந்து கிடைத்ததுதான்.

மருந்தே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. குட்டியின் வயதும் எடையும் எட்டும்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. நைட்டன்பைரம் மாத்திரை நான்கு வாரத்துக்கும் 900 கிராமுக்கும் மேற்பட்ட குட்டிக்கு உரியது. அரை மணி நேரத்திலேயே தெள்ளுகள் உதிரத் தொடங்கும். ஆனால் வைகைக்கரை அவர்களின் குட்டிகள் வயதில் தகுதி பெற்றாலும் எடையில் பாதியைக்கூட எட்டவில்லை. இமிடாக்ளோபிரிட் சொட்டு எட்டு வாரத்துக்கு மேல். ஃபிப்ரோனில் தெளிப்பு மட்டும் பிறந்து இரண்டு நாளான குட்டிக்கும் அனுமதிக்கப்பட்டது. எனினும் அதில் சாராயம் கலந்திருப்பதால் சிறு குட்டியின் உடல் சட்டெனக் குளிர்ந்துவிடும். அதை மருத்துவர் அளந்து தம் கையால் இட்டால்தான் நான் ஒப்புக்கொள்வேன். எந்த மருந்தானாலும் முதலில் தராசு, பிறகு அட்டை, அதற்குப் பிறகே குட்டி.

பனங்காடு, அக்டோபர் 15, இரவு 9.12

விளக்கத்துக்கு நன்றி, மருத்துவரே. பூண்டைப் பற்றி எனக்குத் தெரியாது. என் வீட்டுப் பூனைக்கு இனித் தடவமாட்டேன். வேறொன்று கேட்கிறேன்: நாங்கள் எல்லாவற்றையும் உண்ணி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தெள்ளு வேறா?

தாழ்வாரம், அக்டோபர் 15, இரவு 9.40

வேறுதான், அந்த வேறுபாட்டில்தான் வைத்தியமே இருக்கிறது. உண்ணி எட்டுக்கால் உயிர், ஒரே இடத்தில் கடித்துப் பிடித்துத் தொங்கும். பேன் மயிரோடே வாழும், அதன் ஈர் மயிரில் ஒட்டியிருக்கும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையானது, குதிக்கும். அதன் முட்டை எதிலும் ஒட்டாது, உப்பைப் போல உதிர்ந்து பூனை படுத்த இடத்தில் விழும். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். குட்டியின் உடலில் நீங்கள் காணும் தெள்ளுகள் வீட்டில் உள்ள மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு என்பார்கள். மிச்சமெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் சாக்கிலும் கிடக்கின்றன. எனவே வைகைக்கரை, சீப்பில் பாதி வேலைதான் முடியும். மறுபாதி உங்கள் திண்ணையில் இருக்கிறது.

கொட்டகையில் குட்டிகள் கிடந்த சாக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தீர்களா?

வைகைக்கரை, அக்டோபர் 15, இரவு 10.02

ஆம் அம்மா. தாய் பழகிய மணம் இருக்கட்டும் என்று அதே சாக்கைத்தான் பெட்டிக்குள் விரித்தேன்.

தாழ்வாரம், அக்டோபர் 15, இரவு 10.20

நல்ல எண்ணத்தோடு செய்தது. ஆனாலும் அதை நெகிழிப் பையில் போட்டு இறுகக் கட்டி இப்போதே வெளியேற்றுங்கள். சணல் சாக்கின் இழைகளுக்குள் இருப்பதைத் துவைத்து எடுக்க முடியாது. அதற்குப் பதில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து நான்கு விரிப்பு செய்துகொள்ளுங்கள். தினம் ஒன்று மாற்றி, எடுத்ததைக் கொதிநீரில் ஊற வைத்துத் துவையுங்கள். விரிப்பை உதறாமல், நாலு மூலையையும் உள்ளே மடித்து எடுங்கள்; உதறினால் முட்டை முழுவதும் திண்ணையில் சிந்தும். மணம் மாறித் தாய் மிரண்டால், அவளைத் துடைத்த சிறு துணி ஒன்றைப் பெட்டியில் போடுங்கள், போதும்.

புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்கில் ஒளியும். பெரிய தெள்ளுகளின் காய்ந்த கழிவைத் தின்று வளரும். ஆகவே திண்ணையின் விரிசல், தூணின் அடி, மிதியடி, கட்டில் கால் ஆகியவற்றைத் தினமும் பெருக்கிக் குப்பையை உடனே வெளியேற்ற வேண்டும். உறிஞ்சும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. கூட்டுப்புழுதான் கடினம். அதன் கூடு பசையோடு தூசியைப் பூசிக்கொண்டு கிடக்கும், எந்த மருந்தும் எளிதில் உள்ளே போகாது, மாதக்கணக்கில் காத்திருந்து காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் உடைத்துக்கொண்டு வரும். எல்லாம் ஒழிந்தது என்று நினைத்த மூன்றாம் வாரத்தில் புதிதாகத் தோன்றினால் மனம் தளராதீர்கள்; அவை பழைய கூட்டிலிருந்து வந்தவை. இப்போது மழைக்காலம், காற்றில் ஈரம் மிகுதி. கோடையில் காய்ந்து சாகும் முட்டைகள்கூட இம்மாதத்தில் பொரியும்.

தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டாம். அதுவும் பூனைக்கு நஞ்சு. சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் போதும். எறும்புச் சாக்பீஸ் கோடும் வேண்டாம். அதில் இருப்பதும் மருத்துவர் சொன்ன பெர்மெத்ரின் குடும்பத்து மருந்துதான்.

இரவில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலே ஒரு சிறு விளக்கை எரியவிட்டுக் குட்டிகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் குதித்து விழும். தெள்ளை ஒழிக்க அது போதாது, ஆனால் எத்தனை மிச்சம் என்று தினமும் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

வைகைக்கரை, அக்டோபர் 24, காலை 7.30

ஒன்பது நாள் கணக்கு. முதல் நாள் மூன்று குட்டிகளிடமும் சேர்த்து 61 தெள்ளுகள் எடுத்தேன். மூன்றாம் நாள் 22, ஆறாம் நாள் 5, நேற்று 2. தட்டில் முதல் இரவு 17, நேற்று 4. பெரிய குட்டிகள் இரண்டையும் ஒருமுறை குளிப்பாட்டினேன். அலசிய தண்ணீர் செம்மண் கரைசலைப் போல ஓடியதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. கடைக்குட்டி 440 கிராம். ஈறுகளில் மெல்லிய சிவப்பு திரும்பியிருக்கிறது. நேற்று முதன்முதலாக அண்ணனின் வாலைக் கடித்து இழுத்தது.

ஓர் ஐயம்: தாய்ப்பூனையின் வாலடியில் அரிசி மணி போன்ற ஒன்று ஒட்டியிருந்தது, சற்று நெளிந்தது. அதுவும் தெள்ளின் புழுவா?

காவிரி மருத்துவர், அக்டோபர் 24, பகல் 12.10

இல்லை. அது நாடாப்புழுவின் ஒரு கணு. ஆனால் தெள்ளோடு நேரடித் தொடர்புண்டு: நாடாப்புழுவின் முட்டையைத் தெள்ளின் புழு தின்னும், அது வளர்ந்து தெள்ளாகும், பூனை நக்கும்போது அத்தெள்ளை விழுங்கும், குடலில் நாடாப்புழு வளரும். தாய்க்கு பிராசிகுவாண்டல் என்னும் புழு மருந்து கொடுக்க மருத்துவரிடம் கேளுங்கள். குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆன பிறகு எடை பார்த்துக் கொடுக்கலாம். தெள்ளு இருக்கும் வரை புழு மருந்து கொடுத்தாலும் மீண்டும் வரும் என்பதால் சீப்பை நிறுத்தாதீர்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தரைச் சுத்தத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தெள்ளை விழுங்கிவிட்டால் குழந்தைக்கும் இப்புழு வரும். குட்டிகள் கீறினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தெள்ளின் கழிவு நகத்தில் ஒட்டியிருந்தால் பார்ட்டோனெல்லா என்னும் கிருமி அக்கீறல் வழியாக மனிதருக்கு ஏறும்.

வைகைக்கரை, நவம்பர் 20, இரவு 8.15

குட்டிகளுக்கு ஒன்பது வாரம் கடந்துவிட்டது. கடைக்குட்டி 790 கிராம், மற்றவை 880, 910. சென்ற வாரம் மூன்றுக்கும் எடைக்கேற்ற செலாமெக்டின் சொட்டை மருத்துவரே இட்டார். தாய்க்கு இரண்டாம் தவணையும் ஆயிற்று. தாழ்வாரம் அம்மா சொன்னது போலவே மூன்றாம் வாரத்தில் திடீரென்று தட்டில் 11 விழுந்தன. முன்பே தெரிந்திருந்ததால் பதறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வந்து பார்த்தார். செம்பருத்தி அவர்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். தம் டப்பாவின் மேல் 'நாய்க்கு மட்டும்' என்று சிவப்பு மையால் எழுதிவிட்டதாகக் காலையில் சொல்லி அனுப்பினார்.

கடந்த ஆறு இரவுகளாகத் தட்டில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கூட்டுப்புழுக் கணக்கை நினைத்து, பொங்கல் வரைக்கும் விளக்கையும் தட்டையும் எடுக்கப் போவதில்லை.